எங்கள் வாசலோடு முடிந்த தெரு

எங்கள் தெரு எங்கள் வாசலோடு முடிந்தது. அதற்காகத்தான் அந்த வீட்டை வாங்கினோம்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கணவர் இரவுப் பேருந்து ஓட்டுகிறவர். ஊர் விளக்கை அணைக்கும் நேரத்தில் இவர் சட்டை மாட்டுவார். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வந்து, குளித்து, கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். ஊருக்கெல்லாம் பகல் என்பது எங்கள் வீட்டுக்கு ராத்திரி. அதனால் வீடு தேடியபோது மற்றவர்கள் பார்க்கும் தண்ணீர், காற்று, கடைவீதி எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டு, சத்தம் இல்லாத இடமா என்பதை மட்டும் பார்த்தோம். தரகர் எங்களைத் தெருக்கோடி வரை நடத்திக் கூட்டி வந்தார். கடைசி வீட்டையும் அதை ஒட்டித் தெருவின் குறுக்கே நின்ற சுவரையும் காட்டினார். "இதுக்கு மேல ஒரு ஈ போகணும்னாலும் திரும்பித்தான் போகணும்" என்றார். கணவர் அங்கேயே தலையாட்டிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் புதர் மண்டிய வெற்று நிலம்.

நான் நகரமைப்பு அலுவலகத்தில் வரைவாளர். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மனைப்பிரிவு வரைபடத்தில் ஒரு தெரு எல்லையைத் தொடும் இடத்தில் அதன் இரண்டு கோடுகளையும் மூடாமல் விட்டால், நாளை பக்கத்து நிலம் மனையாகும்போது தெரு அதற்குள் நீளும் என்று பொருள். குறுக்கே ஒரு கோடு போட்டு மூடினால் தெரு அத்தோடு சரி. எங்கள் தெருவின் படத்தில் வாய் திறந்தே இருந்தது. வாங்குமுன் கணவரிடம் சொன்னேன். "அந்தப் புதர்ல யார் வந்து வீடு கட்டப் போறா" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

நகரம் எங்களைக் கேட்டுக்கொண்டா வளர்கிறது. புதர் போனது. சிவப்புக் கல் நட்டார்கள். கம்பி வந்தது, ஜல்லி வந்தது, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் மொட்டைமாடிகள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தன. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு வழி எங்கோ தெற்கே, நெடுஞ்சாலையைத் தொட்டு வளைந்து வந்தது. எங்கள் சுவர் அப்படியே நின்றது. நின்றதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் யாரோ எங்கோ உட்கார்ந்து போட்ட செல்போன் வரைபடத்தில் எங்கள் தெரு சுவரைத் துளைத்துக்கொண்டு நேராக அந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கத்துக்குப் பொட்டலம் கொண்டுவருகிறவர், சோபா கொண்டுவருகிறவர், பெண் பார்க்க வருகிறவர் வரை எல்லோரும் எங்கள் வாசலுக்கு வந்து நின்று, சுவரைப் பார்த்து, போனைப் பார்த்து, மறுபடி சுவரைப் பார்த்து, ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள். எங்கள் தெருவிலும் வீடுகள் மாடி ஏறி, குடித்தனம் பெருகி, தண்ணீர் லாரியும் வாடகை வண்டியும் கூடின. தெருவோ குறுகல். இரு பக்கமும் கார்கள். எது வந்தாலும் எங்கள் வாசலில்தான் திருப்பியாக வேண்டும்.

கணவரின் தூக்கம் போனது இப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாக, கையிலிருந்து மணல் நழுவுகிற மாதிரி.

செய்யாதது ஒன்றுமில்லை. ஜன்னலுக்குக் கம்பளித் திரை போட்டேன். அழைப்பு மணியின் கம்பியைப் பிடுங்கினேன். அவர் விழித்திருக்கும்போது மட்டும்தான் குக்கர் வைப்பேன். ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் வீட்டில் குதிகால் ஊன்றாமல் நடந்து பழகிவிட்டாள். பேச்சும் அப்படித்தான், காற்றோடு காற்றாக. பெற்றோர் கூட்டத்தில் அவளுடைய ஆசிரியை, பதில் எல்லாம் தெரிகிறது, ஆனால் முதல் பெஞ்சுக்கே கேட்பதில்லை, வீட்டில் யாராவது மிரட்டுகிறீர்களா என்று கேட்டார்.  அப்பா தூங்குகிறார் என்றேன். எப்போதுமா என்றார். எப்போதும் முயற்சி செய்கிறார் என்றேன்.

இவ்வளவு செய்தும் அவர் கண்ணை மூடிய சற்று நேரத்தில் எழுந்து உட்காருவார். சிவந்த கண்ணோடு வாசலுக்குப் போய் நிற்பார். படுப்பார், மறுபடி எழுவார். போதாக்குறைக்குக் கட்டிலின் கால்மாட்டுப் பலகை அடிக்கடி கழன்று ஆடியது. தச்சர் வந்து ஆணி அடித்துவிட்டுப் போனார். திரும்பக் கழன்றது. அடுத்த முறை திருகாணி போட்டுக்கொண்டே, "இதைக் கட்டில்னு நெனச்சுப் படுக்குறீங்களா, இல்ல கால்பந்து ஆடுறீங்களா" என்று கேட்டார். கணவர் கட்டிலின் மேல்தான் பழி போட்டார். மட்டமான மரம் என்றார்.

அவரோடு வண்டியைப் பங்கு போட்டு ஓட்டும் மாற்று ஓட்டுநர் ஒருவர் உண்டு. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் பலகையில் படுப்பார், பாதி வழியில் மாறிக்கொள்வார்கள். வயதில் இளையவர், எந்நேரமும் சிரித்துக்கொண்டிருப்பவர். அவர் ஒருநாள் மாலை என் அலுவலக வாசலுக்கே வந்து நின்றார். சிரிப்பைக் காணவில்லை.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் நேத்து கண்ணைத் தெறந்துகிட்டே தூங்குனாரு. நான் சும்மா எந்திரிச்சேன், நல்லவேளை. வண்டி ரோட்டு நடுக்கோட்டைத் தாண்டிப் போய்ட்டிருக்கு. ஸ்டியரிங்கை நான் எட்டிப் புடிச்சேன். பின்னாடி அத்தனை பேரும் போத்திகிட்டுத் தூங்குறாங்க."

தொடர்ந்து அவர் சொன்னதன் சுருக்கம் இது: யாரிடமும் இதுவரை சொல்லவில்லை. தன் பங்கையும் அவர் பங்கையும் சேர்த்துத் தானே ஓட்டப் பார்க்கிறார், முடியவில்லை. இன்னொரு முறை இப்படி நடந்தால் பணிமனையில் சொல்லாமல் இருக்க மாட்டார், அண்ணன் மேல் உள்ள மரியாதை வேறு, படுத்திருக்கும் பயணிகள் வேறு.

நான் வீடு வரை நடந்தே போனேன். பேருந்தில் ஏறத் தோன்றவில்லை.

அந்த வாரமே அலுவலகத்தில் கோப்பு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்து மக்கள் மனு கொடுத்திருந்தார்கள்: மூலப் படத்தில் தெரு திறந்திருக்கிறது, சுவரை எடுத்து இணைத்துத் தர வேண்டும். எங்கள் பகுதிக் கோப்புகள் என் மேசைக்குத்தான் வரும். நான் நேரில் போய்ப் பார்த்து, இணைப்பைப் படத்தில் வரைந்து, பார்த்ததை எழுதி வைக்க வேண்டும். பிறகு ஆட்சேபணைக் கூட்டம், அதன்பின் அதிகாரியின் முடிவு. நான் கோப்போடு அதிகாரியிடம் போய், சார், இந்தச் சுவர் என் வீட்டுச் சுவர், வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வேறு யார் இருக்கிறார்கள், இருக்கிற இன்னொருவருக்குப் படத்தில் வடக்கு எது என்றே தெரியாது என்றார். உங்கள் வீடு அங்கே என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள், அதற்குக் கீழே பார்த்ததை எழுதுங்கள், முடிவு என் பாடு என்று கோப்பை என் பக்கம் தள்ளினார்.

செய்தி எனக்கு முன்னால் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் தெருச் சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற கணக்கு அலுவலர். தெரு மூடியிருப்பதால் மாலையில் எங்கள் வாசலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருவார். பிள்ளைகள் பந்தாடுவதும் அங்கேதான். அவர் வீட்டுக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். சுவர் போனால் திருடன் வருவான் என்றார் ஒருவர். பிள்ளைகளைத் தெருவில் விட முடியாது என்றார் இன்னொருவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் செயலாளர், இதெல்லாம் எல்லாத் தெருவும் சொல்வது, அதிகாரி கொட்டாவி விடுவார் என்றார். பிறகு என் கணவரின் தோளில் கை வைத்தார்.

"நம்மகிட்ட இருக்குற ஒரே ஆயுதம் இவரு தூக்கம்தான். ராத்திரி பஸ் ஓட்டுற மனுஷன் பகல்ல தூங்கலேன்னா யாருக்கு ஆபத்து? ஊருக்கே ஆபத்து. இதை எழுதுனா எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட பயப்படுவான்."

ஆட்சேபணை மனுவின் முதல் பத்தியே கணவரின் தூக்கம் ஆயிற்று. கூட்டத்தில் அவரே எழுந்து சொல்ல வேண்டும் என்றும் முடிவாயிற்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தேநீர்க் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினேன்.

அன்று வீட்டில் சண்டை. எங்கள் வீட்டில் சண்டையும் கிசுகிசுப்பாகத்தான் நடக்கும், பழகிவிட்டது.

"குறுக்க ஒரு கோடு. அவ்வளவுதான் கேக்குறேன். ஊருக்கெல்லாம் வரையிற கை, சொந்தப் புருஷனுக்கு ஒரு கோடு வரையாதா?"

"இல்லாத கோட்டை எப்படிங்க வரையிறது? மூலப் படத்துல தெரு தெறந்திருக்கு."

"படத்துல தெறந்திருக்கு. எனக்குக் கண்ணு மூட மாட்டேங்குது. இப்பவே இந்தக் கதி. அந்த ஊரே இது வழியா வர ஆரம்பிச்சா நான் எங்க போய்ப் படுக்கிறது? கூரை மேலயா?"

மாற்று ஓட்டுநர் வந்து சொன்னதைச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தோன்றியது. அவர் போர்வையை எடுத்து மடித்தார். பிறகு, தனக்குத் தெரியும் என்றார். கோட்டைத் தாண்டியதும் தெரியும், ஆனால் கையை அசைக்க முடியவில்லையாம். தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி இருந்ததாம். அன்று கத்தரிக்கோலை எங்கே வைத்தேன் என்று தேடி, கையிலேயே வைத்திருந்தேன்.

நேரில் பார்க்கப் போக வேண்டிய நாள் வந்தது. என் வீட்டிலிருந்து சுவரின் அந்தப் பக்கத்துக்குப் போக, தெருவின் தொடக்கத்துக்கு நடந்து, கடைவீதியைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரமாக லாரிகள் கிளப்பும் புழுதியை வாங்கிக்கொண்டு, பெட்ரோல் நிலையத்தில் திரும்பி, புது மனைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போனேன். செருப்பு வார் ஒரு பக்கம் பிய்ந்துகொண்டது. நெடுஞ்சாலை ஓரம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நடந்து வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் என் மகளின் பள்ளிச் சீருடையில் இருந்தார்கள். பள்ளி எங்கள் தெருவின் தொடக்கத்தில்தான் இருக்கிறது. சுவர் இல்லாவிட்டால் இவர்களுக்கு நெடுஞ்சாலையே தேவையில்லை. நான் அதையும் எழுதிக்கொண்டேன். எழுதும்போது மனதில் வேறொன்று ஓடியது: இத்தனை கால்களும் என் ஜன்னலுக்குக் கீழேதான் போகும்.

சுவரின் பின்புறத்தை அதுவரை நான் பார்த்ததே இல்லை. அங்கே சுவரை ஒட்டிய வீட்டு முன்னறையில் ஒரு தையல்காரப் பெண் இயந்திரம் போட்டிருந்தார். அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்றதும், ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார். வாசலிலிருந்த என் செருப்பைப் பார்த்து, கேட்காமலே எடுத்து வாரைத் தைக்கத் தொடங்கினார். நான் உட்கார்ந்தேன்.

அங்கிருந்து என் வீட்டைக் கேட்டேன். பார்த்தேன் என்று சொல்ல முடியாது. சுவருக்கு மேல் எங்கள் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் தெரிந்தது. ஒரு பைக் எங்கள் தெருவுக்குள் வந்த சத்தம் சுவருக்கு இப்பால் மங்கலாக, தூரத்து வண்டுபோல் கேட்டது. ஏதோ லாரி வந்து நின்றது, அதுவும் மங்கல்தான். பிறகு அந்த லாரி பின்னால் நகரும்போது போடும் பாட்டு எழுந்தது. கீச்சென்று, ஊசியால் குத்துகிற மாதிரி, நின்று நின்று. சுவர் எல்லாச் சத்தத்தையும் உறிஞ்சியது, அதை மட்டும் விட்டுவிட்டது. அடுத்த கணம் எங்கள் ஜன்னல் படாரென்று திறந்து, "யோவ், மனுஷன் தூங்க வேணாமா?" என்ற குரல் கேட்டது. என் கணவர்.

தையல்காரர் இயந்திரத்தை நிறுத்தாமல் சிரித்தார். "இது தெனமும் நடக்கும் மேடம். மொதல்ல ரிவர்ஸ் பாட்டு, அப்புறம் அந்த வீட்டுக்காரர் பாட்டு. ஒண்ணு வந்தா இன்னொண்ணு வரும். எங்க வீட்டுல எல்லாருக்கும் மனப்பாடம். பாவம், யாரு பெத்த புள்ளையோ."

என் மாமியார் பெற்ற பிள்ளை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது காதில் முள்ளாகத் தங்கிவிட்டது. சற்று முன் பைக் வந்ததே, அதற்கு ஜன்னல் திறக்கவில்லை. லாரி வந்து நின்றபோதும் திறக்கவில்லை. தைத்த செருப்பை மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலை வழியாகத் திரும்பும்போது, அவ்வளவு இரைச்சலுக்கும் நடுவில் அந்த ஒரு பாட்டுத்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடுப்பு எடுத்தேன். கணவரிடம் தலைவலி என்றேன். அவர் படுத்ததும் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, பிரித்த பழைய சட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, தைக்கிற மாதிரி பாவனை செய்தேன்.

ஸ்கூட்டர் ஒன்று வந்தது. அவர் அசையவில்லை. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, எதிர் வீட்டுக்காரர் யாரையோ போனில் திட்டினார், மாடியில் துணி துவைக்கும் இயந்திரம் உருண்டது. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. பிறகு பொட்டல வண்டி ஒன்று சுவர் வரை வந்து நின்றது. ஓட்டி வந்தவர் போனைப் பார்த்திருப்பார். கியர் மாறியது. பாட்டு ஆரம்பித்தது.

அவர் கண் திறப்பதற்கு முன் வலது கால் எழுந்தது. முழங்கால் மடங்கி, பாதம் நேராகி, கால்மாட்டுப் பலகையை ஓங்கி மிதித்தது. மிதித்தபடியே அழுத்திப் பிடித்தது. பலகை முனகியது. திருகாணி பாதி வெளியே வந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் கண் திறந்தது. எழுந்து உட்கார்ந்து, எங்கே இருக்கிறோம் என்று தேடினார்.

பிரேக். தூக்கத்தில் மனிதர் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் போகும் வண்டிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. வாழ்நாள் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டதும் விழித்துக்கொள்ளப் பழகிய கால் அது. ஓடுகிற வண்டிச் சத்தத்தில், ஹாரன் சத்தத்தில், பலகையில் உருண்டபடி தூங்குகிறவர்தானே அவர்.

அன்று பகல் முழுக்கப் பார்த்தேன். எத்தனையோ சத்தம் வந்தது, போனது. கால் எழுந்தது பாட்டுக்கு மட்டும்தான்.

சொன்னபோது அவர் ஏற்கவில்லை. முதலில் சிரித்தார், பிறகு கோபம் வந்தது.

"தலைவலின்னு லீவு போட்டுட்டு என் காலை வேவு பாத்தியா? கோட்டைப் போட மனசில்ல, அதுக்கு என் கால் மேல பழி. வண்டி கூடுனா தூக்கம் வரும்னு சொல்ற ஒரே ஆளு உலகத்துல நீதான்."

பலகையைக் காட்டினேன். மட்டமான மரம் என்றார்.

நான் படத்தை வரைந்தேன். தெருவின் இரண்டு கோடுகளையும் சுவருக்கு அப்பால் நீட்டி, அந்தப் பக்கத்துத் தெருவோடு சேர்த்தேன். முதல் வரியில் என் வீடு அங்கே இருப்பதை எழுதினேன். கீழே பிள்ளைகள் நெடுஞ்சாலையில் நடப்பதை எழுதினேன். வண்டிகள் சுவர் வரை வந்து திரும்புவதையும் எழுதினேன். கணவரின் காலைப் பற்றி எழுதவில்லை, அது அலுவலகத்துக்கு உரியதில்லை. கோப்பை அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். நான் பார்த்தது தப்பாக இருந்தால்? ஒரு பகல் பார்த்ததை நம்பி அத்தனை வண்டியையும் அவர் தலைமாட்டில் ஏவிவிடுகிறேனா? அப்புறம் ஒருநாள் அவர் பேருந்து கோட்டைத் தாண்டும்போது பக்கத்தில் யாரும் விழித்திருக்காவிட்டால்?

மாற்று ஓட்டுநரிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சற்று யோசித்தார். வண்டியில் அண்ணன் செத்த பிணமாகத் தூங்குவார், ஆனால் சாப்பாட்டுக் கடை வாசலில் வண்டியைப் பின்னால் எடுத்தால் மட்டும் எழுந்து உட்கார்ந்து, "பாத்து, பாத்து" என்பார், தான் இத்தனை நாள் அதைச் சாப்பாட்டு ஆசை என்று நினைத்திருந்ததாகச் சொன்னார். அவருடைய வீடு நெடுஞ்சாலையைப் பார்த்த மாடி. ராத்திரி பகல் வண்டி ஓயாத இடம். நாளைக் காலை வண்டி வந்ததும் அண்ணனை அங்கேயே கூட்டிப் போய்விடுகிறேன், ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

மறுநாள் காலை கணவர் வீட்டுக்கு வரவில்லை. நான் அலுவலகத்தில் ஒரு படத்துக்கு மை போட்டுக் கெடுத்து, இன்னொன்றை எடுத்து அதையும் கெடுத்தேன். போன் செய்தால் எழுப்பிவிடுவேனோ என்று பயம். மாலை இருட்டும் நேரத்தில் வந்தார். முகம் வீங்கியிருந்தது. கன்னத்தில் தலையணை மடிப்பு ஆழமாகப் பதிந்திருந்தது. மகள் அதைப் பார்த்து, அப்பா முகத்தில் ரோடு போட்டிருக்கிறார்கள் என்று என் காதில் சொன்னாள்.

அவர் ஒன்றும் சொல்லாமல் அறைக்குள் போய்க் கட்டிலின் கால்மாட்டில் குந்தினார். பலகையை ஆட்டிப் பார்த்தார். தன் வலது பாதத்தை அதன்மேல் வைத்து அழுத்திப் பார்த்தார். மரத்தில் ஒரு குழிவு இருந்தது. பாதம் அதில் பொருந்தியது.

"அவன் கட்டில்ல என்ன பஞ்சு போட்டிருக்கான்னு கேட்டேன்" என்றார். "தரையிலதான் படுத்திருந்தேனாம்."

ஆட்சேபணைக் கூட்டத்துக்கு எங்கள் தெரு முழுக்க வந்திருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து தையல்காரரும் சிலரும் பின்வரிசையில் இருந்தார்கள். தையல்காரர் என்னை அதிகாரியின் பக்கத்து மேசையில் பார்த்துச் சிரித்தார். பிறகு என் கணவர் குரல் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார்.

செயலாளர் மனுவை நன்றாகவே வாசித்தார். ஓட்டுநரின் உறக்கம், பயணிகளின் உயிர் என்று இடம் பார்த்துக் குரலை ஏற்றி இறக்கினார். என் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். கணவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்கும் தெரியாது. வீட்டில் அவர் அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதிகாரி, இவர் சொல்வது உண்மைதானா என்று கேட்டார். கணவர் எழுந்தார்.

"உண்மைதான் சார். நான் தூங்கி ரொம்ப நாளாச்சு. ஒருநாள் ராத்திரி வண்டி கோட்டைத் தாண்டுனதும் உண்மை, அதையும் எழுதிக்குங்க. ஆனா என்னை எழுப்புறது அந்தப் பக்கத்து ஆளுங்க இல்ல. திரும்புற வண்டி. போற வண்டி போய்க்கிட்டே இருந்தா நான் தூங்கிருவேன். அந்தச் சுவரு நிக்கிற வரைக்கும் எல்லா வண்டியும் என் தலமாட்டுலதான் வந்து திரும்பும். அதை எடுத்துருங்க."

 செயலாளர் மனுவை இரண்டாக, நான்காக மடித்தார்.

"இவரு தூக்கத்துக்காகத்தான் தெருவை மூடச் சொல்லி வந்தோம். இப்ப அதே தூக்கத்துக்காகத் தெறக்கச் சொல்றாரு. இனிமே எல்லாரும் சேர்ந்து தாலாட்டும் பாடணுமான்னு கேட்டுச் சொல்லுங்க சார்."

எல்லோரும் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார். அவர் பணிமனைக்குச் செய்தி போகாமலா இருக்கும் என்று எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. போகத்தான் செய்தது. சுவர் விஷயம் முடியும் வரை அவரை வண்டி ஏற்றாமல், பணிமனைக்குள் பேருந்துகளைக் கழுவுமிடத்துக்கும் நிறுத்துமிடத்துக்கும் நகர்த்தும் வேலையில் போட்டார்கள். அங்கே ராத்திரி முழுக்கப் பின்னால் எடுப்பதுதான் வேலை. அதைச் சொல்லி அவரே சிரித்தார்.

அதிகாரி இணைப்புக்குக் கையெழுத்துப் போட்டார். சுவரை இடித்த நாட்கள் மோசமானவை. இடிபாட்டை அள்ள வந்த லாரிகள் நாள் முழுக்கப் பின்னால் வந்தன, பின்னால் போயின. அவர் தூங்கவே இல்லை. பலகை கையோடு கழன்று வந்தது. செயலாளர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவர், எங்கள் பக்கம் திரும்பவில்லை. பந்தாடிய பிள்ளைகள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. எங்கள் அலுவலகப் படங்களில் வண்டிக்குக் கோடு உண்டு, மனைக்குக் கோடு உண்டு, மாலை நாற்காலிக்கும் பந்துக்கும் கோடு இல்லை.

தார் போட்டுத் தெருவைத் திறந்துவிட்ட அன்று நான் அலுவலகத்தில் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தேன். எதையோ சொல்லிவிட்டு முன்னதாகக் கிளம்பினேன். எங்கள் தெருவில் திரும்பும்போதே வித்தியாசம் தெரிந்தது. நிறையவே வண்டிகள். ஸ்கூட்டர்கள், பள்ளி வேன், முட்டை ஏற்றிய வண்டி, சைக்கிளில் பிள்ளைகள். எதுவும் நிற்கவில்லை. சுவர் இருந்த இடத்தில் வெளிச்சம் இருந்தது, வண்டிகள் அதற்குள் போய்க்கொண்டிருந்தன. எங்கள் வீட்டு வாசலுக்குப் போக நானே தெருவைக் கடக்க நின்று பார்க்க வேண்டியிருந்தது. எதிரே தையல்காரர் தன் வாசலிலிருந்து கையை ஆட்டினார், இத்தனை கிட்டவா அந்த வீடு என்று இருந்தது.

உள்ளே போய் அறைக் கதவை விரலால் தள்ளினேன். அவர் படுத்திருந்தார். கால்மாட்டில் பலகை இல்லை, கழற்றியதைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தோம். வலது கால் போர்வைக்கு வெளியே கட்டில் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு லாரி இரைந்து வந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். லாரி வந்தது, எங்கள் ஜன்னலைக் கடந்தது, போய்விட்டது. கால் அப்படியே தொங்கியது.

அப்படியே சில வாரம் ஓடியது. மாற்று ஓட்டுநர் பணிமனையில் பேசி, மருத்துவர் பார்த்து, கணவரை மறுபடி இரவு வண்டியில் போட்டார்கள். முதல் நாள் பணிக்கு முன் அவர் பகலில் படுத்தார். நான் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். ஜன்னலுக்குப் போவேன், வருவேன். ஏதாவது ஒரு வண்டி வழி தவறி நின்று, பின்னால் நகர்ந்து, அந்தப் பாட்டைப் போட்டுவிடுமோ என்று காது தெருவிலேயே கிடந்தது. வெயில் இறங்கியது. தெருவிளக்கு எரிந்தது. அவர் கிளம்ப வேண்டிய நேரமும் நெருங்கியது. அலாரம் அடித்து, அடித்து, தானே அடங்கியது. அவர் எழவில்லை.

எத்தனை வருடமாக அவரை எழுப்பாமல் இருப்பதே என் வேலை. எழுப்புவது எப்படி என்று எனக்கு மறந்துபோயிருந்தது. பக்கத்தில் போய், ஏங்க என்றேன். எனக்கே கேட்கவில்லை. தோளைத் தொட்டேன். அவர் புரண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் கதவருகே நின்று என்னைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று கையால் கேட்டாள். நான் தலையசைத்தேன்.

அவள் மூச்சை இழுத்து, குதிகால் இரண்டையும் தரையில் ஊன்றி, தெருவே கேட்கும்படி, "அப்பா" என்றாள்.

கணவர் கண்ணைத் திறக்காமல், "எங்க நிக்குது வண்டி?" என்றார்.

"நிக்கலப்பா" என்றாள் மகள். "போய்கிட்டேதான் இருக்கு. எந்திரிங்க."